ஹாரி கேனை இந்த சம்மர்ல வித்துடணுமா? எனக்கு மனசு ஒப்பல, நீங்க சொல்லுங்க

சேவல்கொடி
16 ஜூலை 2023

எல்லாருக்கும் வணக்கம். மூணு வாரமா காலைல கண்ணு முழிச்சதும் போனை எடுத்து நம்ம டாட்டன்ஹாம் (ஸ்பர்ஸ்) ஸ்ட்ரைக்கர் கேன் பத்தி ஏதாச்சும் வந்திருக்கான்னு பாக்குறதே பொழப்பா போச்சு. ஜெர்மன் கிளப் பயர்ன் மியூனிக் ரெண்டு தடவ கேட்டுட்டாங்க, ரெண்டு தடவையும் நம்ம சேர்மன் லெவி முடியாதுன்னுட்டாருன்னு செய்தி. கான்ட்ராக்ட் 2024 ஜூனோட முடியுது, புதுசா கையெழுத்து போடுற மாதிரியும் தெரியல. இப்ப வித்தா நல்ல காசு வரும், வெச்சிருந்தா அடுத்த சம்மர்ல கிளப்புக்கு ஒரு பைசா வராம போயிடுவாரு. இந்த மாசக் கடைசில 30 வயசும் ஆகுது.

எனக்கு திருச்செந்தூர் பக்கம் ஊரு. மொதல்ல ஸ்பர்ஸ் பேட்ஜ்ல பந்து மேல நிக்குற சேவலை பாத்து தான் இந்த டீமை புடிச்சுது, நம்ம முருகன் கொடில இருக்குற சேவலாச்சே. ஆனா என்னை இங்கயே உக்கார வெச்சது கேன் தான். 2015 புத்தாண்டு அன்னைக்கு ராத்திரி செல்சியை 5-3ன்னு அடிச்சோம்ல, அதுல ரெண்டு கோல் போட்டாரு, வீட்ல எல்லாரும் தூங்குறாங்கன்னு தலகாணிய வாயில வெச்சு கத்துனேன். அந்த சீசன் ஆரம்பத்துல அவரு யாரு, அடபயோர், சொல்டாடோவுக்கு அடுத்து மூணாவது ஆளு. சின்ன வயசுல ஆர்சனல் வேணாம்னு அனுப்பி, 11 வயசுல நம்ம அகாடமிக்கு வந்து, லெய்டன் ஓரியன்ட், மில்வால், நாரிச், லெஸ்டர்னு நாலு ஊருக்கு லோன்ல அலைஞ்சு திரும்பி வந்தவரு. இந்த பிப்ரவரில மேன் சிட்டி மேல 267வது கோல் போட்டு நம்ம கிளப்புக்கு அதிக கோல் போட்ட ஜிம்மி க்ரீவ்ஸோட ரெக்கார்டையும் தாண்டிட்டாரு.

இவ்ளோ செஞ்சும் கைல ஒரு கப்பு கிடையாது. 2015 லீக் கப் ஃபைனல், 2019 சாம்பியன்ஸ் லீக் ஃபைனல், 2021 லீக் கப் ஃபைனல், மூணும் போச்சு. போன சீசன் லீக்ல மட்டும் 30 கோல் போட்டாரு, டீம் மொத்தமா போட்டதே 70 தான். அப்படி போட்டும் நாம 8வது இடம், 63 கோல் வாங்கிருக்கோம், ஐரோப்பாவுல எந்த போட்டிலயும் இல்ல. இதுக்கு மேல ஒருத்தர் என்ன தான் செய்யணும்?

என் கேள்வி இது தான். இவ்ளோ நாள் கூடவே நின்ன ஆளை காசுக்காக விக்கலாமா, இல்ல காசு போனா போகட்டும் ஒரு வருஷமாச்சும் நம்ம ஜெர்சில ஆடட்டும்னு விடலாமா? அவருக்கு போகணும்னு இருந்தா நாம புடிச்சு வெக்குறது நியாயமா? பிரீமியர் லீக்ல ஷியரரோட 260 கோல் ரெக்கார்டுக்கு இன்னும் 47 தான் பாக்கி, அத நம்ம சட்டைல பாக்கணும்னு ரொம்ப ஆசை.

---

ரெட்டைப்பதிவு
16 ஜூலை 2023

வித்துடணும் ப்ரோ. நான் அக்கவுன்ட்ஸ் வேலைல இருக்குறவன், கணக்கு பக்கமா சொல்றேன். வெளிய இருந்து 50 மில்லியன் பவுண்டுக்கு ஒரு ஆளை வாங்கி 5 வருஷ கான்ட்ராக்ட் போட்டா வருஷத்துக்கு 10 மில்லியன்னு செலவா எழுதிட்டு வருவாங்க, 2 வருஷம் கழிச்சு வித்தா மிச்சம் இருக்குற 30ஐ கழிச்சுட்டு தான் லாபமே. கேன் நம்ம அகாடமில வளந்தவரு, புக்ல அவருக்கு எழுதுற மதிப்பு பூஜ்யம், அதனால வர்ற காசு மொத்தமும் லாபம். பிரீமியர் லீக்ல 3 வருஷத்துக்கு சேத்து 105 மில்லியனுக்கு மேல நஷ்டம் காட்டக்கூடாதுன்னு ரூல் இருக்கு, அப்படி இருக்கையில இந்த ஒரு விற்பனைய வெச்சு ரெண்டு மூணு நல்ல ஆளை தாராளமா எடுக்கலாம்.

இன்னொண்ணு, ஜனவரி பொறந்துட்டா கான்ட்ராக்ட்ல கடைசி ஆறு மாசம். அப்ப வெளிநாட்டு கிளப்போட அவரு நேரா பேசி முடிச்சுக்கலாம், நம்ம கிட்ட கேக்கவே வேணாம். எரிக்சனை மறந்துட்டீங்களா? அவ்ளோ பெரிய ஆளு, கான்ட்ராக்ட் முடியுற வரைக்கும் இழுத்து இழுத்து 2020 ஜனவரில இன்டர் மிலானுக்கு கிட்டத்தட்ட 17 மில்லியனுக்கு குடுத்தோம். வெர்டாங்கன் அதே வருஷம் சும்மாவே போனாரு. சோல் கேம்பல் 2001ல ஃப்ரீயா ஆர்சனலுக்கே போன கதைய இங்க பெரியவங்க சொல்லுவாங்க, எனக்கு அத டைப் பண்ணவே கை வரல.

---

மஞ்சச்சுவர்
16 ஜூலை 2023

நான் டார்ட்மண்ட் ரசிகன், இந்த விஷயத்துல அடிபட்டவன், அதனால உள்ள வர்றேன். எங்களுக்கு 2013 சம்மர்ல ரெண்டு பேர் விஷயத்துலயும் இதே பயர்ன் தான் வந்து நின்னுச்சு. கோட்ஸேவுக்கு கான்ட்ராக்ட்லயே 37 மில்லியன் யூரோன்னு எழுதியிருந்தது, கட்டிட்டு கூட்டிட்டு போயிட்டாங்க. லெவன்டோவ்ஸ்கிக்கு ஒரு வருஷம் பாக்கி இருந்தது, இப்ப கேனுக்கு இருக்குற மாதிரியே. கிளப் விக்க மாட்டோம்னு நின்னுது. அவரும் மூஞ்சிய தூக்கி வெச்சுக்கல, அந்த வருஷம் 20 கோல் போட்டு லீக்லயே டாப் ஸ்கோரர், நாங்க ரெண்டாவது இடம், ஜெர்மன் கப் ஃபைனலுக்கும் போனோம். அதுக்கு அப்புறம் ஃப்ரீயா போனாரு.

காசு போச்சுன்னு சொல்றவங்க இருக்காங்க, ஆனா அந்த ஒரு வருஷம் என் கண்ணுக்கு கெடைச்சுது. அதனால நான் சொல்றது, ஆடுற ஆளு மனசு சுத்தமா இருந்தா வெச்சிருங்க, 30 கோலுக்கு கடைல விலை கெடையாது. ஒண்ணு மட்டும் ஒத்துக்கணும். அவரு போன அடுத்த சீசன் நாங்க ஒரு கட்டத்துல லீக்ல கடைசி இடத்துல கெடந்து, எப்படியோ ஏழாவதா முடிச்சோம். கைல காசு இருந்திருந்தா அப்படி ஆகியிருக்குமான்னு இன்னைக்கும் யோசிப்பேன்.

---

சேவல்கொடி
17 ஜூலை 2023

ரெட்டைப்பதிவு ப்ரோ, கணக்கு புரியுது, ஆனா காசு வந்தா நம்மாளுங்க என்ன பண்ணுவாங்கன்னு தான் பயமே. 2013ல பேலை ரியல் மாட்ரிட்டுக்கு 85 மில்லியனுக்கு வித்து, உலக ரெக்கார்டு அது, அந்த காசுல ஏழு பேரை வாங்குனோம்: சொல்டாடோ, பாலினியோ, சாட்லி, கபுவே, கிரிகெஸ், லமேலா, எரிக்சன். ஏழுல நெஞ்ச தொட்டு சொல்லுங்க, முழுசா தேறுனது எரிக்சன் ஒருத்தர் தானே, லமேலாவை வேணா அரை ஆளா சேத்துக்கலாம். டிசம்பர்லயே லிவர்பூல் கிட்ட 5-0 வாங்கி கோச்சையும் தூக்கிட்டாங்க. காசு பந்தை கோலுக்குள்ள தள்ளாது ப்ரோ.

---

கோவை_கன்னர்
17 ஜூலை 2023

உங்க எதிர் டீம் ஆர்சனல்காரன் தான், ஆனா சண்டைக்கு வரல. 2012ல எங்க நெலமையும் இதே தான். வான் பெர்சி லீக்ல 30 கோல், கான்ட்ராக்ட்ல ஒரு வருஷம், வயசு 29. 24 மில்லியனுக்கு மேன் யுனைடெடுக்கு வித்தோம். அடுத்த சீசன் அங்க போய் 26 கோல் போட்டு அவங்களுக்கு லீக்கை வாங்கி குடுத்தாரு. எட்டு வருஷம் எங்க கூட இருந்த ஆளு, கேப்டன் வேற. அன்னைக்கு நான் காலேஜ் படிச்சுட்டு இருந்தேன், ஹாஸ்டல் சுவத்துல ஒட்டிருந்த போஸ்டரை கிழிக்கவும் முடியாம பாக்கவும் முடியாம துண்டு போட்டு மூடி வெச்சேன்.

அதனால ஒண்ணே ஒண்ணு சொல்றேன், விக்குறதா இருந்தா இங்கிலாந்துக்குள்ள விக்காதீங்க. வாரா வாரம் டேபிள்ல பக்கத்துல நின்னு அடிக்குறத பாக்குறது பெரிய கொடுமை. ஜெர்மனின்னா பரவால்ல, கண்காணாத தூரம், சனிக்கிழமை ஸ்கோரை மட்டும் பாத்துட்டு நல்லா இருக்கட்டும்னு விட்டுடலாம்.

---

எட்மன்டன்_வாசி
18 ஜூலை 2023

நான் லண்டனில எட்மன்டன் பக்கம் இருக்கிறன், ஸ்டேடியத்துக்கு நடந்தே போவன். நீங்கள் எல்லாரும் காசைப் பற்றிக் கதைக்கிறியள், அதுவும் தேவை தான், ஆனால் இஞ்ச சனத்தின்ட மனநிலை என்னெண்டு சொல்லுறன்.

2021இல அவர் சிட்டிக்குப் போகோணும் எண்டு நிண்டவர் தானே. ட்ரெய்னிங்குக்குக் குறிச்ச நாளுக்கு வரேல்லை எண்டு சரியான கோவம் இருந்தது. சீசன் முதல் மட்ச்சில அதே சிட்டியை 1-0 எண்டு வெண்டனாங்கள், எங்கட ஆட்டக்காரர் சொன் அடிச்ச கோல், கேன் அண்டைக்கு டீமிலயே இல்லை. அப்ப சனம் எல்லாம் சேர்ந்து ஹாரி கேன் நீ பாத்துக்கொண்டு இருக்கிறியோ எண்டு பாடினது, நானும் பாடினன், இப்ப நினைக்க ஒரு மாதிரி இருக்கு. பிறகு பத்து நாளில நிக்கிறன் எண்டு அவரே அறிவிச்சவர். நிண்டு என்ன குறைச்சவர்? ஒண்டும் இல்லை, அந்த வருசம் நாலாமிடம் வந்தனாங்கள்.

இந்த முறை அப்பிடி ஒரு கோவமும் ஒருத்தருக்கும் இல்லை. ஏப்ரலில நியூகாசிலில 21 நிமிசத்தில அஞ்சு கோல் வாங்கி 6-1 எண்டு தோத்ததுக்குப் பிறகு, போய்ப் பாத்த சனத்துக்கு ரிக்கெற் காசைத் திருப்பித் தாறம் எண்டு ஆட்டக்காரரே சொல்ல வேண்டி வந்தது, அப்பிடி ஒரு நிலைமை. சனத்தின்ட கோவம் எல்லாம் மேல இருக்கிறவையில தான். 2001இல இருந்து ENIC எண்ட கொம்பனி தான் கிளப்பை வைச்சிருக்கு, 2008 லீக் கப் ஒண்டைத் தவிர அலுமாரியில வைக்க ஒண்டும் இல்லை. ஸ்டேடியம் வடிவா கட்டியிருக்கினம், அதில குறை சொல்லேலாது.

அவர் வோல்தம்ஸ்டோவில பிறந்த பெடியன், இஞ்ச இருந்து கூப்பிடு தூரம். எங்கட பெடியன் எண்டு தான் சனம் பாடுறது, வேற ஆருக்கும் அப்பிடிப் பாடுறேல்லை. எங்கட வீட்டுப் பிள்ளை வெளிநாடு போய் நல்லா வரப்போகுது எண்டால் மறிப்பமோ? அழுவம், ஆனால் எயார்ப்போட்டுக்குக் கொண்டுபோய் விடுவம். போகட்டும். நல்ல விலைக்கு, நல்ல மாதிரி, கடைசி நாள் வரைக்கும் இழுக்காமல் அனுப்பட்டும்.

---

பழைய_இத்தாலி
19 ஜூலை 2023

தம்பிகளா, வயசானவன் ஒரு கதை சொல்றேன், பொறுமையா படிங்க. பாடிஸ்டுடா 1991ல ஃப்ளாரன்ஸ் ஊரு கிளப் ஃபியோரென்டினாவுக்கு வந்தாரு. 1993ல டீம் ரெண்டாவது டிவிஷனுக்கு எறங்கிடுச்சு. அர்ஜென்டினா டீம் ஸ்ட்ரைக்கர், எந்த கிளப்பும் கூப்பிடும், ஆனா போகல, கீழ எறங்கி ஆடி ஒரே வருஷத்துல மேல தூக்கிட்டு வந்தாரு. ஃப்ளாரன்ஸ் ஜனங்க அவருக்கு வெங்கலத்துல ஆளுயர செலையே வெச்சாங்க. ஒம்போது வருஷம். கோப்பா இத்தாலியா ஒண்ணு கெடைச்சுது, லீக் மட்டும் கெடைக்கல.

2000ல ரோமாவுக்கு போனாரு, 70 பில்லியன் லிரா, 31 வயசு ஸ்ட்ரைக்கருக்கு அப்ப யாரும் குடுக்காத விலை. நவம்பர்ல ஃபியோரென்டினா வந்து ரோமா கூட ஆடுறாங்க, கடைசி நேரத்துல பந்து இவரு கிட்ட வருது, தூரத்துல இருந்து ஒரே அடி, கோல். ரோமா ஆளுங்க மேல வந்து விழுறாங்க, இவரு கண்ணுல தண்ணி. அந்த சீசன் ரோமா லீக் ஜெயிச்சுது. ஃப்ளாரன்ஸ்ல அதுக்காக அவரை யாரும் துரோகின்னு சொல்லல.

நான் இத எதுக்கு சொல்றேன்னா, விசுவாசம்ங்கறது ஒரு பக்கம் மட்டும் இருக்குற கடன் இல்ல. ஒம்போது வருஷம் அவரு குடுத்தாரு, பத்தாவது வருஷம் போங்கன்னு விட்டது ஊரு திருப்பி குடுத்தது. கேன் விஷயத்துலயும் கிளப் தான் கடன்காரன். இன்னொன்னும் சொல்லணும், வித்த காசால ஃபியோரென்டினா தப்பிக்கல, 2002ல கீழ எறங்கி திவாலாகி நாலாவது டிவிஷன்ல இருந்து ஆரம்பிச்சாங்க. கிளப்பை ஒழுங்கா நடத்தத் தெரியலன்னா வித்தாலும் கெடும், விக்கலன்னாலும் கெடும், அந்த பாவத்தை ஆடுறவன் தலைல கட்டாதீங்க.

---

சேவல்கொடி
12 ஆகஸ்ட் 2023

போயிட்டாரு. இன்னைக்கு அறிவிச்சுட்டாங்க. 435 மேட்ச், 280 கோல். 100 மில்லியன் யூரோ தாண்டுதுன்னு சொல்றாங்க, நான் அந்த நம்பரை படிக்கவே இல்ல, வழியனுப்புற வீடியோவ மட்டும் மூணு தடவ பாத்தேன்.

பெரியவர் சொன்னதை படிச்சதுல இருந்து கொஞ்சம் தெளிவா இருக்கேன். போகட்டும், ஒரு கப்பு தூக்கட்டும். எட்மன்டன்_வாசி அண்ணே, நாளைக்கு நமக்கு லீக் ஆரம்பிக்குது, 10ம் நம்பர் சட்டைய மேடிசனுக்கு குடுப்பாங்கன்னு பேசிக்குறாங்க, எனக்கு இப்பவே அந்த முதுகுல வேற பேரு வர்றதை நெனச்சா என்னவோ போல இருக்கு.

---

கோவை_கன்னர்
13 ஆகஸ்ட் 2023

ராத்திரி ஜெர்மன் சூப்பர் கப்ல பயர்ன் 3-0ன்னு லைப்சிக் கிட்ட தோத்துட்டாங்க, கேன் எறங்குன மொத நாளே. பாவம்டா அந்த மனுஷன்.

---

ரெட்டைப்பதிவு
22 மே 2025

இந்த த்ரெட்டை தேடி கண்டுபுடிச்சு மேல கொண்டு வர்றேன், ஏன்னு எல்லாருக்கும் தெரியும். பில்பாவோ, ராத்திரி பன்னெண்டரை மணிக்கு ஆரம்பிச்ச மேட்ச், ஸ்பர்ஸ் 1 மேன் யுனைடெட் 0. யூரோப்பா லீக் நம்மளது. 17 வருஷம் கழிச்சு ஒரு கப்பு. இன்னும் தூங்கல, அப்படியே ஆஃபீஸ் வந்துட்டேன்.

கோல் போட்டது யாரு? பிரென்னன் ஜான்சன். எப்ப வாங்குனோம்? 2023 செப்டம்பர் 1, கேன் போன மூணாவது வாரம், 47.5 மில்லியன்னு பேப்பர்ல வந்துச்சு. கோல் லைன்ல பறந்து போய் பந்தை வெளிய ஒதைச்சானே வான் டி வென், அவனும் அதே ஆகஸ்ட்ல வந்தவன். சேவல்கொடி ப்ரோ, காசு பந்தை கோலுக்குள்ள தள்ளாதுன்னு நீங்க எழுதினீங்க, இப்ப என்ன சொல்றீங்க?

---

மஞ்சச்சுவர்
22 மே 2025

வாழ்த்துகள்! ஆனா ரெட்டைப்பதிவு, லீக்ல நீங்க 17வது இடத்துல கெடக்குறதையும் சேத்து சொல்லுங்க. கேன் போன மொத வருஷம் பத்து மேட்ச்ல 26 பாயின்ட் எடுத்து டாப்ல இருந்தீங்க, அப்ப எல்லாரும் கேன் இல்லாமலே ஓடுதுன்னு எழுதுனாங்க. அந்த மாதிரி ஒரு ஆளு போன ஓட்டை ஒரு மாசத்துல தெரியாது, ரெண்டு வருஷம் கழிச்சு தான் தெரியும். எங்களுக்கு தெரிஞ்சுது.

---

சேவல்கொடி
22 மே 2025

ரெட்டைப்பதிவு ப்ரோ, ஒத்துக்குறேன், முழுசா ஒத்துக்குறேன். வித்தது சரி தான். அந்த காசு இல்லன்னா நேத்து ராத்திரி அந்த கோல் இல்ல.

நேத்து நான் கேன் ஜெர்சி தான் போட்டுட்டு பாத்தேன், 2019ல வாங்குனது, காலர் எல்லாம் நூல் பிரிஞ்சு போச்சு. மேட்ச் முடிஞ்சு சொன் கப்பை தூக்குறப்போ அழுதுட்டேன், பத்து வருஷமா இங்கயே நின்னவரு, எவ்ளோ ஃபைனல் தோத்திருக்காரு கேனோட சேந்து. பக்கத்துல கேனும் நின்னிருக்கணும்னு தோணுச்சு, அது மட்டும் போக மாட்டேங்குது. அதே சமயம் இந்த மாசம் 4ம் தேதி அவருக்கும் பயர்ன்ல லீக் உறுதியாச்சு, வாழ்க்கைல மொத டிராஃபி, 31 வயசுல. மொத வருஷம் அங்க போய் 36 கோல் போட்டும் லெவர்குசன் ஒரு மேட்ச் கூட தோக்காம லீக்கை தூக்கிட்டு போனப்போ, இந்த மனுஷனுக்கு எழுதியே வைக்கலையான்னு நான் சாமி கும்புடுற இடத்துல போய் கேட்டேன். அவருக்கும் நமக்கும் பதினேழு நாள் தான் வித்தியாசம்.

---

எட்மன்டன்_வாசி
24 மே 2025

நேற்று ஊர்வலம். பஸ் எங்கட எட்மன்டன் ரோட்டால தான் போனது, மகளைத் தோளில வைச்சுக் கொண்டு நிண்டனான், சரியான சனம், கால் வைக்க இடமில்லை. ஒரு விசயம் உங்களுக்குச் சொல்லோணும் எண்டு தான் எழுதுறன் தம்பி. எங்களுக்கு முன்னால நிண்ட ஒரு கிழவர் பழைய கேன் சேட் போட்டிருந்தவர், எங்களைச் சுத்தி மட்டும் அப்பிடி ஒரு ஏழெட்டுப் பேர். ஒருத்தரும் அவையளைப் பாத்து ஒரு சொல்லுச் சொல்லேல்லை. சொன் கப்பைத் தூக்கிக் காட்டேக்க அந்தக் கிழவர் திரும்பி முதுகில இருந்த பேரைத்தான் எல்லாருக்கும் காட்டினவர்.

---

சேவல்கொடி
24 மே 2025

அண்ணே, இத படிச்சுட்டு பஸ்ல உக்காந்து கண்ண தொடச்சுட்டு இருக்கேன்.

பிரீமியர் லீக்ல 213 கோல்ல நிக்குது கேனோட கணக்கு. ஷியரருக்கு இன்னும் 47. இங்கிலாந்துக்கு திரும்பி வர்றதா இருந்தா நம்ம வீட்டுக்கு தான் வரணும்.